ஒரு நாள் தேக்கடி: கணக்கில் வராத இரண்டு ராத்திரிகள்

மூன்றாம் வருடம் வந்துவிட்டால் போதும், எந்தக் கல்லூரியிலும் ஒரு வெள்ளைத்தாள் கைமாற ஆரம்பித்துவிடும். தலைப்பு "ஒன் டே டூர்". கீழே பெயர், பக்கத்தில் முன்பணம் கொடுத்தாயிற்றா என்று ஒரு டிக். மாகறல், உத்திரமேரூர், சாலவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் அந்தத் தாளில் அதிகம் எழுதப்படும் ஊர்களில் ஒன்று தேக்கடி. மழைக்காடு, நடுவில் ஏரி, ஏரியில் படகு, கரையில் யானை. வேறென்ன வேண்டும்?

தாளைத் தயாரித்தவர் உற்சாகமானவராக இருந்தால் "வழியில் வைகை அணை, சுருளி அருவி" என்றும் சேர்த்திருப்பார். இன்னும் உற்சாகமானவர் கொடைக்கானலையும் விட்டுவைப்பதில்லை.

தாளில் எல்லாம் இருக்கும். படகைப் பற்றி மட்டும் "போட்டிங்" என்ற ஒற்றைச் சொல்லோடு சரி. டிரைவர் எப்போது தூங்குவார் என்பதற்கு அந்த ஒரு சொல்கூடக் கிடையாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாகறலிலிருந்து உத்திரமேரூர், மதுராந்தகம், திருச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் கிளம்பினால், டீ, டீசல், யாருக்காவது வாந்தி எல்லாம் சேர்ந்து, குமுளி சேர விடிந்துவிடும். சனிக்கிழமை பகல் முழுக்க ஊர் சுற்றல். அன்று இரவே திரும்பினால் ஞாயிறு விடிகாலை மாகறல். ஒரு நாள் டூரில் இரண்டு ராத்திரி ஓட்டம், இரண்டையும் ஓட்டுபவர் ஒரே ஆள். அவருக்குக் கிடைப்பது சனிக்கிழமை மதியம், வண்டி நிறுத்துமிடத்தில், சீட்டைச் சாய்த்துப் போட்டு, கொசுவோடும் வெயிலோடும் போடும் குட்டித் தூக்கம்தான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. இந்த டூரில் அந்த எட்டு மணி நேரம் திருச்சி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துபோகும்.

இது முட்டாள்தனம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் ஒரு நாள்?

காசு ஒரு காரணம். லாட்ஜ் வாடகை மிச்சம். ஆனால் பெரிய காரணம் வீட்டு வாசற்படியில் இருக்கிறது. "ராத்திரி எங்கயும் தங்கறதில்லையே?" என்று அம்மா கேட்பார். "இல்லம்மா, ஒரே நாள்தான், போய்ட்டு வந்துடுவோம்" என்று மகள் சொல்வாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி, பத்திரம்" என்பார். அனுமதி கிடைத்துவிட்டது. மகள் சொன்னது பொய்யும் இல்லை. எங்கும் தங்கவில்லை, இரண்டு ராத்திரியும் வண்டியில்தானே இருக்கப்போகிறாள்! நெடுஞ்சாலையில் தூக்கக் கலக்கத்தில் ஓடும் வேனுக்குள் இருந்தால் பத்திரம், குமுளியில் தாழ்ப்பாள் உள்ள அறையில் நாலு தோழிகளோடு படுத்தால் ஆபத்து. இப்படி ஒரு கணக்கு பல வீடுகளில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் டூர் எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது இதுதான்.

சரி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இனி ஏரி.

உத்திரமேரூர் வட்டத்துப் பிள்ளைகளிடம் ஏரியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. உத்திரமேரூர் கல்வெட்டைப் பாடப்புத்தகத்தில் படிக்காதவர் யார்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. குடவோலையில் ஆள் எடுத்த வாரியங்களில் ஏரி வாரியம் என்று தனியாகவே ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, அதற்கு வயது, சொத்து, ஒழுக்கம் என்று ஆயிரத்தெட்டு தகுதி. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஏரி விஷயத்தில் இவ்வளவு கறாராக இருந்த ஊர் அது.

ஆனால் அந்த ஏரி வேறு, தேக்கடி ஏரி வேறு. மாகறல் பக்கத்து ஏரி என்றால் நீளமாக ஒரு கரை, மதகு, கலங்கல். பெரும்பாலும் ஆழம் இல்லாமல் பரந்து கிடக்கும், கோடையில் அதிலேயே கிரிக்கெட் ஆடலாம். அதில் நீந்திப் பழகியவனுக்கு வரும் துணிச்சல் தேக்கடியில் எடுபடாது. அது மலைப் பள்ளத்தாக்கு ஒன்றை முழுக்க மூழ்கடித்த அணைநீர். பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். செய்திகளில் அடிக்கடி வரும் "142 அடி" இந்தத் தண்ணீரின் மட்டம்தான், 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கரை சரேலென்று இறங்கும். அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. படங்களில் அந்தக் கறுத்த மரங்களின் நுனியில் நீர்க்காகம் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீருக்குள் விழுந்தவனுக்கு அதே மரம் என்ன செய்யும் என்பது வேறு கதை. (இந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக மலையின் இந்தப் பக்கம் வந்து, கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைப் பக்கத்திலும் நெல்லாகிறது. படகில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நினைப்பு வருமோ தெரியாது.)

2009 செப்டம்பர் 30. இதே ஏரியில், மாலைச் சவாரியில், ஜலகன்யகா என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. படகு ஓட ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக எழுந்து நகர்ந்தார்கள், படகு சரிந்தது என்பதுதான் அப்போது வந்த செய்தி. படகின் சமநிலையிலேயே கோளாறு இருந்தது என்பது விசாரணைகளில் பேசப்பட்டது. பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள பௌதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. அறுப்புக் காலத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியைப் பார்த்திருந்தால் போதும். பாரம் உயர உயர, சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே வண்டி குடை சாயும். இரண்டு தளப் படகில் மேல்தளத்து ஆட்கள்தான் அந்த வைக்கோல். வைக்கோலாவது கட்டின இடத்தில் கிடக்கும். மனிதர்கள் "அதோ யானை!" என்றதும் எழுந்து ஒரு பக்கம் ஓடுவார்கள்.

தேக்கடியோடு இது நின்றிருந்தால் ஒரு படகின் குறை என்று விட்டுவிடலாம். அதற்கு முன்பே, 2007 பிப்ரவரி 20இல், அதே பெரியாற்றில் கீழே தட்டேக்காட்டில் சுற்றுலா வந்த படகு மூழ்கி 18 பேர் போனார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர். 2023 மே 7இல் மலப்புறம் மாவட்டம் தானூரில் மறுபடி 22 பேர். ஒவ்வொரு முறையும் விசாரணை, நிவாரணம், கொஞ்ச நாள் கெடுபிடி. அப்புறம் அடுத்த விடுமுறை வந்துவிடும்.

அரசு என்ன செய்ய வேண்டும், படகுக்குத் தகுதிச் சான்று யார் தர வேண்டும் என்பதெல்லாம் பெரிய பேச்சு, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் டூர் தாள் எழுதும் மூன்றாம் வருட மாணவன் கையில் இருக்கும் விஷயங்களும் இருக்கின்றனவே. லைஃப் ஜாக்கெட்டை ஏறும்போது மாட்டிக்கொண்டு, படகு நகர்ந்ததும் போட்டோவில் சட்டை தெரியவில்லை என்று அவிழ்ப்பவன் யார்? இருக்கையில் உட்காருங்கள் என்று படகுக்காரர் மலையாளத்திலும் தமிழிலும் கத்தும்போது, அவருக்குக் கை காட்டிவிட்டு நிற்பவன் யார்? இதற்கெல்லாம் சட்டம் போட்டுக் காத்திருக்க முடியாது. கல்வெட்டு ஊர்க்காரர்களுக்குக் குழு அமைப்பது ஒன்றும் புதிதில்லை. கூட்டத்தில் ஒருவரைப் "படகு வாரியம்" என்று நியமித்துவிட வேண்டியதுதான். படகு கரை சேரும்வரை யாரும் எழக்கூடாது, ஜாக்கெட்டின் பக்கிளைக் கழற்றக்கூடாது. நட்பு, சாதி, சீனியர் என்று எதுவும் பார்க்காமல் கத்தக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். வகுப்பில் அப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

முக்கியமான விஷயம், தாளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். வேன் எப்போது கிளம்பும் என்பதில் தொடங்காமல், எந்தப் படகு என்பதில் தொடங்க வேண்டும். தேக்கடியில் விலங்கு பார்க்க நல்ல நேரம் அதிகாலையும் அந்தி நெருங்கும் நேரமும்தான். உச்சி வெயிலில் போனால் தண்ணீரையும் முன்சீட்டுக்காரரின் தலையையும் பார்த்துவிட்டு வரலாம். முதல் படகு என்று முடிவு செய்தால் முதல் நாளே குமுளியில் இருக்க வேண்டும். சொந்த வண்டி படகுத்துறைவரை போகாது, வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். ஆக, ஒரு ராத்திரி அங்கே தங்கியே ஆக வேண்டும். மலை, ஏரி, தூரம் மூன்றும் சேர்ந்து சொல்வது இது. இதில் பேரம் பேச இடமில்லை.

வேனும் வேண்டாம். செங்கல்பட்டில் நின்று மதுரைப் பக்கம் போகும் இரவு ரயில்கள் இருக்கின்றன. வெள்ளி இரவு ஏறினால் சனி விடிகாலை திண்டுக்கல். அங்கிருந்து பேருந்தில் குமுளி. நீட்டிப் படுத்துத் தூங்கலாம், ஓட்டுபவர் தூங்குவாரோ என்ற பயம் இல்லை. 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு என்பதால் இரண்டு மாதத்துக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். வகுப்பில் கடைசி நிமிடம்வரை "வரேன், வரல" என்று இழுப்பவர்களை வடிகட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

வீட்டில் "ஒரே நாள்தான்" என்பதையும் விட்டுவிட வேண்டியதுதான். "ஒரு ராத்திரி குமுளியில தங்கறோம், இன்ன லாட்ஜ், கூட வர்ற மேடம் நம்பர் இது" என்று நேராகச் சொல்லிப் பார்க்கலாம். கூடவே வேன் கணக்கையும் விரித்துச் சொன்னால், வண்டி ஓட்டத் தெரிந்த எந்த அப்பாவுக்கும் இரண்டு ராத்திரி ஓட்டம் என்றால் என்னவென்று புரியும். எல்லா வீட்டிலும் சரி என்பார்கள் என்று சொல்ல முடியாது. சில வீடுகளில் கதவு அதோடு சாத்தப்படும். அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போவதா என்பது அந்தக் கூட்டம் கூடிப் பேச வேண்டிய விஷயம்.

நிஜமாகவே ஒரு நாள்தான் முடியும் என்றால் இருக்கவே இருக்கிறது பிச்சாவரம். திண்டிவனம், கடலூர் வழியாக இருநூறு கிலோமீட்டர் அளவில் வரும். விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம், ராத்திரி அவரவர் வீட்டில் படுக்கலாம். டிரைவருக்கு எட்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும்தான், ஆனால் அவரும் வீட்டில் படுப்பார். மழைக்காடு இல்லை, அலையாத்திக் காடு. யானை வராது. சுரபுன்னை மரங்களின் வேர்கள் கால்கால்களாகத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும் சந்துகளுக்குள் துடுப்புப் படகு நுழையும்போது மேலே பசுங்கூரைதான் தெரியும், வானம் தெரியாது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் அந்தக் காட்டில் உண்டு. இதயக்கனி படத்தில் வருகிற இடம் என்று சொன்னால் தாத்தா பாட்டி அனுமதி சுலபமாகக் கிடைக்கும். ஜாக்கெட் விதி அங்கேயும் அதேதான்.

தேக்கடிதான் வேண்டும் என்பவர்கள் தாளில் தலைப்பை மாற்றிக்கொள்ளட்டும். வெள்ளி இரவு செங்கல்பட்டு, சனி மதியம் குமுளி, அன்று இரவு நல்ல தூக்கம், ஞாயிறு முதல் படகு, மதியம் பேருந்து, இரவு ரயில். திங்கள் காலை செங்கல்பட்டில் இறங்கி, காஞ்சிபுரம் போய், உத்திரமேரூர் பஸ் பிடித்து மாகறலில் இறங்கும்போது மணி எப்படியும் ஒன்பதைத் தாண்டியிருக்கும். முதல் பீரியட் போய்விடும். போகட்டும்.