தரையைத் துடைப்பவரைக் கேட்டீர்களா?

வீட்டுக்குத் தரை போட வேண்டும் என்றால் எல்லோரிடமும் யோசனை கேட்கிறார்கள். கொத்தனாரைக் கேட்கிறார்கள். மைத்துனரைக் கேட்கிறார்கள். கடைக்காரரைக் கேட்கிறார்கள். ஒருவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தத் தரையைத் தினமும் துடைக்கப் போகிறவரை!

சென்னைப் புறநகரில் ஒரு குடும்பம். கடன் வாங்கி, அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கூடவே கணவனின் தாயார். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் மரத்தரை போட வேண்டும் என்பது தம்பதியின் ஆசை. அசல் தேக்குக்குப் பணம் ஏது? கடையில் "லேமினேட்" பலகைகளைக் காட்டினார்கள். பார்த்தால் தேக்கேதான். விலையும் கைக்கு எட்டியது. இரண்டே நாளில் போட்டு முடித்தார்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் காலால் தடவிப் பார்த்தார்கள். "அரண்மனை மாதிரி இருக்கிறது!" என்று புகழ்ந்தார்கள்.

மூன்றாவது மாதம் குளியல் அறை வாசலில் இரண்டு பலகைகளின் ஓரம் உப்பிக்கொண்டு நின்றது. பிறகு ஜன்னல் ஓரம். பிறகு சாப்பாட்டு மேசையின் அடியில்.

பழி யார் மேல் விழுந்தது? வீட்டு வேலை செய்கிற அம்மாள் மேல்!

"தண்ணீரைக் கொட்டிக் கொட்டித் துடைத்தாயே, இப்போது பார்!" என்றாள் வீட்டுக்காரி.

"தண்ணி இல்லாம எப்படிம்மா துடைக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மாள். இருபது வருஷமாக வீடு வீடாகத் தரை துடைப்பவர் அவர்.

நியாயமான கேள்வி. கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை.

காகிதத்தில் தேக்கு!

லேமினேட் தரை சுவீடனில் பிறந்தது. 1977-ல் பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது. 1984-ல் "பெர்கோ" என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பிறகு உலகம் எங்கும் பரவியது.

இதில் மரப் பலகை கிடையாது. மரநாரைப் பசையோடு கலந்து, சூட்டில் இறுக அழுத்திச் செய்த அட்டைதான் நடுப்பகுதி. அதன் மேல் தேக்கின் படத்தை அச்சிட்ட காகிதம். காகிதம் தேயாமல் இருக்க, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு. எல்லாம் சேர்ந்தும் கனம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டரில் இருந்து 12 மில்லிமீட்டர் வரைதான். ஆணி அடிப்பதில்லை. மெல்லிய விரிப்பின் மேல் பலகைகளை ஒன்றோடு ஒன்று மாட்டி விடுகிறார்கள். அதனால்தான் நடந்தால் "டொக் டொக்" என்று சத்தம் கேட்கிறது.

மேல் பூச்சு கெட்டியானது. கீறல் சுலபத்தில் விழாது. ஆனால் இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்ணீர் நின்றால் உள்ளே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் அட்டை அதைக் குடித்து ஊதும். ஊதியது காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அசல் மரம் என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்து மெருகு போடலாம். இதை இழைத்தால் காகிதம்தான் கிழியும்!

அதற்காக இதை ஏமாற்றுச் சரக்கு என்று சொல்ல முடியாது. பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே போடலாம். குப்பை இல்லை, தூசி இல்லை. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் காலைத் தரையில் வைத்தால் சில்லென்று சுடும். அங்கே இந்தத் தரை காலுக்கு இதம். ஐரோப்பாவில் இதை விரும்பி வாங்கியதற்கும் குளிர் ஒரு காரணம்.

நம் வீடு தண்ணீர் வீடு

அங்கே தரையை உலர்வாகப் பெருக்குகிறார்கள். அழுக்கு இருந்தால், நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். அதோடு சரி.

இங்கே? வெள்ளிக்கிழமை வீடு கழுவ வேண்டும். பொங்கலுக்குக் கழுவ வேண்டும். ஆயுத பூஜைக்குக் கழுவ வேண்டும். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்த ஈரத்தோடு உள்ளே வருகிறோம். தொட்டில் குழந்தை தரையில் மூத்திரம் போகும். குளிர்சாதனப் பெட்டியின் குழாய் அடைத்துக்கொண்டால் இரவு முழுவதும் சொட்டும். ஐப்பசி மழை ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். இத்தனையையும் தாங்குவதுதான் நம் ஊரில் தரை!

இன்னொன்றும் உண்டு. மதுரையிலோ வேலூரிலோ சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், பாய் கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுக்கிற சுகம். காகிதத் தேக்கில் அந்தக் குளிர்ச்சி வராது.

2015 டிசம்பரில் சென்னையில் பெரு வெள்ளம் வந்தது. வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் என்று பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மொசைக்கோ டைல்ஸோ போட்ட தரை என்றால் சேற்றை வழித்து, கழுவி, மறுபடியும் குடியிருக்கலாம். லேமினேட் தரை நாள் கணக்கில் நீரில் ஊறினால், பெயர்த்து வெளியே போடுவதைத் தவிர வழி இல்லை. தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. கரையானுக்கும் மரநார் நல்ல தீனி!

பளபளப்பும் ஆபத்து

"அப்படியானால் பளபள டைல்ஸே போட்டுவிடலாமே" என்பார்கள். அங்கேதான் வயதானவர்களின் நிலையைப் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற விட்ரிஃபைடு டைல்ஸில் இரண்டு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் போதும். தாத்தாவோ பாட்டியோ சறுக்கி விழுவார்கள். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால், அதன் பிறகு படுக்கைதான் என்று ஆகிவிட்டவர்கள் எத்தனை பேர்! முகம் பார்க்கிற தரை எதற்கு? முகம் பார்க்கத்தான் கண்ணாடி இருக்கிறதே!

பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரை இருந்தது. காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் இன்றும் கையால் பூக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுக்கிறார்கள். துடைக்கத் துடைக்க மெருகு ஏறும் தரை அது. துடைப்பவரின் உழைப்பு வீண் போகாத தரை என்று சொல்லலாம். ஆனால் இவற்றைச் சரியாகப் போடத் தேர்ந்த கை வேண்டும். அரைகுறைக் கொத்தனார் போட்ட காவித் தரை வெடித்துவிடும். வெடித்தால் ஒட்டுப் போட்டது தெரியாமல் மறைக்க முடியாது.

எனவே கூடத்துக்கும் சமையல் அறைக்கும் சொரசொரப்பான டைல்ஸே மேல். லேமினேட் மேல் ஆசை விடவில்லையா? மாடியில், தண்ணீர் புழங்காத ஒரு படுக்கை அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் சில காரியங்கள் உண்டு. பலகைகளைப் பிரிக்காமல் இரண்டு நாள் அதே அறையில் வைத்திருந்து பிறகுதான் போட வேண்டும். சுவர் ஓரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால், பலகை விரியும்போது நடுவில் தூக்கிக்கொள்ளும். சிமெண்ட் தரையின் ஈரம் ஏறாமல் அடியில் பிளாஸ்டிக் தாள் வேண்டும். கட்டிலின் காலுக்குக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும்.

கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளும் இப்போது வருகின்றன. அவை தண்ணீரில் ஊதுவதில்லை. எதுவானாலும் கடைக்காரரிடம் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி, ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு, காலையில் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.

அந்தப் புறநகர்க் குடும்பம் கூடத்துப் பலகைகளைப் பெயர்த்துவிட்டது. இரண்டாவது தடவை கடைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "அவளையும் வரச் சொல்லு. துடைக்கிறவள் அவள்தானே?" என்றார் மாமியார். வேலைக்கார அம்மாளும் போனார்.

கடையில் வரிசையாக டைல்ஸ் அடுக்கி இருந்தது. விற்பனைப் பையன் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதை நான்கு டைல்ஸின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் குதிகாலை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

மூன்றாவதில் நின்றார்.

"இதுல கால் நிக்குதும்மா."

அதையே எடுத்தார்கள்.