பட்டையில் பிறந்த சொல்

நுழையும்முன்

சொல்லுக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் புலப்பட்டுவிடாது என்பது தொல்காப்பியர் கருத்து. அக்காரணத்தைத் தேடிச் செல்வோர்க்கு, சொல்லின் பின்னே ஒரு மரமோ ஒரு தொழிலோ ஒரு மக்கள் கூட்டமோ தென்படக்கூடும். நாள்தோறும் நாம் கேட்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருள்களையும் ஆராய்ந்து, அதனால் நாம் பெறும் தெளிவு யாது என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

ஒரு சொல்லும் ஒரு மௌனமும்

பிறமொழிச் சொற்கள் தமிழ்ப் பேச்சில் கலந்து வழங்குவதைப் பற்றி ஒருநாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளைக் கொண்ட ‘டேன்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, “இதன் பொருள் என்ன?” என்று கேட்டேன்.

“முக்கோணவியல், ஐயா. சைன், காஸ், டேன்” என்று முந்திக்கொண்டார் ஒரு மாணவர். “வெயிலில் அலைந்தால் முகம் டேன் ஆகிவிடும், ஐயா. அதைப் போக்குவதற்குப் பூச்சு விற்கிறார்கள்” என்றார் ஒரு மாணவி. மற்றொருவர் தம் காலணியைச் சுட்டிக்காட்டி, “இந்த நிறத்துக்குப் பெயர்தான் டேன்” என்றார். மூன்றும் சரியான விடைகளே.

அந்த வகுப்பு நடந்த ஊர் ஆம்பூர். பள்ளிக்கு அருகிலேயே தோல் பதனிடும் ஆலைகள் உள்ளன. ஊரார் அவற்றை ‘டேனரி’ என்றே வழங்குவர். வகுப்பில் இருந்தவர்களுள் பலருடைய வீடுகளில் யாரேனும் ஒருவர் டேனரியிலோ காலணித் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர். ஆயினும், ‘டேனரி’ என்னும் சொல்லுக்குள் இருக்கும் ‘டேன்’ ஒருவர் நாவிலும் எழவில்லை.

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் என்னிடம் வந்தார். “எங்கள் அப்பா செய்யும் வேலையும் அந்தச் சொல்தானே, ஐயா?” என்று தணிந்த குரலில் கேட்டார். பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் அவர் ‘கம்பெனி வேலை’ என்று எழுதியிருந்தது என் நினைவுக்கு வந்தது. “வகுப்பில் ஏன் சொல்லவில்லை?” என்றேன். அவர் தலைகுனிந்து நின்றார். அன்று அவருக்கு நான் சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதுகிறேன்.

ஓக் மரமும் ஆவாரையும்

மாணவர்கள் கூறிய பொருள்களுக்கெல்லாம் மூத்த பொருள் ஒன்று உண்டு. இடைக்கால இலத்தீனில் ‘டன்னும்’ என்பது, இடித்துத் தூளாக்கிய ஓக் மரப்பட்டையைக் குறித்தது. அச்சொல் கெல்டிக் மொழிகளிலிருந்து இலத்தீனுக்கு வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பிரான்சின் வடமேற்கில் வழங்கும் பிரெத்தோன் மொழியில் இன்றும் ‘டன்’ என்றால் ஓக் மரம். ஐரோப்பியர் அம்மரப்பட்டை ஊறிய நீரில் விலங்குத் தோலை மாதக்கணக்கில் இட்டுவைத்தனர். பட்டையின் பெயரே அத்தொழிலுக்கும் பெயராயிற்று. பட்டைநீரில் ஊறிய தோல் பழுப்பு நிறம் பெற்றது. ஆதலின் அந்நிறத்துக்கும் அதுவே பெயராயிற்று. வெயிலில் உழைத்த மனிதரின் மேனி அந்நிறத்தை ஒத்திருந்தமையால், மேனி கறுத்தலுக்கும் அதே சொல் வழங்கலாயிற்று. பட்டை, தொழில், நிறம், மேனி என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அச்சொல் கிளைத்தது.

தமிழகத்துக்கு ஓக் மரப்பட்டை தேவைப்படவில்லை. இங்கே ஆவாரை இருந்தது. வறண்ட நிலத்திலும் மஞ்சள் பூக்களுடன் செழிக்கும் இச்செடியைச் சங்கப் புலவர் ‘ஆவிரை’ என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்னும் பழமொழி அதன் மருத்துவச் சிறப்பைக் கூறும். அச்செடியின் பட்டையே நம் நாட்டுத் தோல்தொழிலின் மூலப்பொருளாக விளங்கியது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலைக் கடுக்காய் நீரில் இட்டு நிறைவுசெய்வது மரபு. இவ்வாறு உருவான தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயருடன் கடல் கடந்து சென்றது. தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் வரிசையில் இன்று அதுவும் இடம்பெற்றுள்ளது.

பதமும் துவரும்

இத்தொழிலுக்குத் தமிழ் தந்த பெயர் ‘பதனிடுதல்’. பதன் என்பதும் பதம் என்பதும் ஒன்றே. சோறு வேகவேண்டிய அளவுக்கு வெந்த நிலை பதம். மண் உழவுக்கு ஏற்ற நிலையும் பதம். சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் காத்த பனஞ்சாறு பதநீர். தோலையும் முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டே மயிர் நீக்குவர். சுண்ணாம்பு மிகுந்தால் தோல் நைந்துபோகும். குறைந்தால் மயிர் கழலாது. எப்போது எடுப்பது என்பதைத் தொட்டுப் பார்த்தே அறியும் கைகள் உண்டு. ஆங்கிலச் சொல் பட்டையை நோக்கிப் பிறந்தது. தமிழ்ச் சொல்லோ உழைப்பவரின் அறிவை நோக்கிப் பிறந்தது என்று கருத இடமுண்டு.

பட்டை எவ்வாறு தோலைக் காக்கிறது? அதில் உள்ள வேதிப்பொருளுக்கு ‘டானின்’ என்று பெயர்; அப்பெயரும் ‘டேன்’ என்பதன் வழிவந்ததே. அது தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்துடன் பிணைந்து, அதனை அழுகாமல் காக்கிறது. முற்றாத வாழைக்காயையோ கடுக்காயையோ கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான். டானின் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. அச்சுவையைத் துவர்ப்பு என்கிறோம்.

‘துவர்’ என்னும் தமிழ்ச்சொல் அச்சுவையைக் குறிக்கும், அச்சுவையுடைய பொருளைக் குறிக்கும், செந்நிறத்தையும் குறிக்கும். துறவியர் அணிந்த காவியுடை ‘துவராடை’ எனப்பட்டது. ஆங்கிலத்தில் மரப்பட்டையின் பெயர் நிறப்பெயராக மாறியதைப் போன்றே, தமிழில் ஒரே சொல் பொருளையும் நிறத்தையும் குறித்து நிற்கக் காண்கிறோம்.

சிலப்பதிகாரத்தில், மாதவி நீராடிய நீரில் பத்து வகைத் துவர் ஊறியிருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். உரையாசிரியர் அப்பத்தினுள் திரிபலையைச் சேர்ப்பர்; திரிபலையில் கடுக்காய் உண்டு. மாதவியின் நீராட்டுக்குச் சிறப்புச் சேர்த்த கடுக்காய், தோல் தொட்டியில் ஊறும்போது மட்டும் இழிந்த பொருளாகிவிடுமா?

தொடுதலும் தீண்டாமையும்

முக்கோணவியலில் வரும் ‘டேன்’ இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அது ‘டேன்ஜென்ட்’ என்பதன் சுருக்கம். தாமஸ் ஃபிங்க் என்னும் கணித அறிஞர் 1583ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அச்சொல்லை வழங்கினார். தொடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து அது பிறந்தது. ஆகவேதான் தமிழில் அதனைத் ‘தொடுகோடு’ என்கிறோம். ஒலியால் ஒன்றாகிய இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறுவேறானவை. எனினும், நம் சமூக வரலாற்றில் தோலும் தொடுதலும் துயரமான முறையில் எதிரெதிரே நின்றன. முரசுக்கும் செருப்புக்கும் நீர் இறைக்கும் சாலுக்கும் தோல் வேண்டியிருந்தது. அத்தோலைச் செப்பனிட்டவரைத் தீண்டலாகாது என்றது சமூகம்.

புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய பாடல் ஒன்று, போரின் விரைவுக்குக் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையில் தோல்வாரோடு பாயும் ஊசியை உவமையாக்குகிறது. கை ஓயாத அத்தொழில் திறனைக் கண்டு வியக்கிறார் புலவர். ஆனால், அக்கைக்குரியவரை இழிவுப்பொருள் தரும் ஒரு சொல்லாலேயே அப்பாடல் குறிக்கிறது. சிலப்பதிகாரமோ, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் தோல் தைப்போரைப் பொற்கொல்லரோடும் தச்சரோடும் ஒருங்கே வைத்து, அவர்தம் தொழிலாலேயே குறிப்பிடுகிறது. ஒரே வகைத் தொழிலாளரைச் சுட்ட நம் முன்னோரிடம் இருவகைச் சொற்கள் இருந்தன. எதைக் கையாள்வது என்பது பேசுவோரின் பண்பைப் பொறுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. நம் சொற்களிலும் சேர்க்கைப் படிவங்களிலும் எஞ்சியிருக்கும் கூச்சத்தை ஒழிப்பது நம் கடமை.

நீலமான தோல்

சொல் அப்படியே இருக்க, தொழில் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறை வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் பரப்ப முயன்றார். மரப்பட்டைக்கு வாரங்கள் வேண்டும். குரோமியத்துக்கு ஒரு நாளே போதும். குரோமியத்தில் பதனிட்ட தோல் பழுப்பு நிறம் கொள்வதில்லை, வெளிர்நீலமாக வெளிவருகிறது. தொழிலில் அதனை ‘வெட் புளூ’ என்பர். கடையில் நாம் வாங்கும் ‘டேன்’ நிறக் காலணியின் தோல், பெரும்பாலும் நீலமாக இருந்து பின்னர்ச் சாயம் ஏற்றப்பட்டதே. சொல்லுக்குள் ஓக் மரம் இருக்கிறது. பொருளுக்குள் அது இல்லை.

விரைவுக்கு விலையும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் நகரங்களின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல்தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதாயினும், சூழலைச் சீரழிக்க அதற்கு உரிமையில்லை என்றும், மாசுபடுத்தியோரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அது ஒரு மைல்கல். எனினும், பாலாற்றங்கரை ஊர்களின் குடிநீர்த் தேவைக்கு இன்று காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் உயிரிழந்தனர்.

எதற்கு நாணுவது?

தகாத செயலுக்கு நாணுவதே உண்மையான நாணம் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு என் வகுப்பறைக்குத் திரும்புகிறேன்.

வெயிலில் முகம் கறுத்தது என்று வருந்திய மாணவி நாணத் தேவையில்லை. கதிரவனின் புறஊதாக் கதிர்களிலிருந்து காப்பதற்காகத் தோல் தானே உருவாக்கும் நிறமியே அக்கருமை. தந்தையின் தொழிலை எழுதத் தயங்கிய மாணவரும் நாணத் தேவையில்லை. அழுகிப்போக வேண்டிய ஒன்றை ஆண்டுக்கணக்கில் பயன்படும் பொருளாக்கும் அறிவு அவர் தந்தையின் கையில் இருக்கிறது. அவ்வறிவை ஆராய்வதற்கென்றே 1948ஆம் ஆண்டில் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. நாயுடம்மா போன்ற அறிவியலாளர் தம் வாழ்நாளை அதற்கு அளித்தனர். ஆற்றில் கழிவைக் கலந்தவர் நாணலாம்; பாதுகாப்பற்ற தொட்டிகளுக்கு அருகில் மனிதரை உறங்கவைத்தவர் நாணலாம்; காலணியை விரும்பிக்கொண்டே அதைச் செய்தவரை விலக்கிவைத்த சமூகம் நாணலாம். நாண வேண்டியவர் நாணாதபோது, அச்சுமை நாண வேண்டாதவர் தலையில் ஏறிவிடுகிறது.

தொழிலை மதிப்பதும் அது செய்யும் கேட்டைக் கண்டிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பதனிடுதல் என்னும் நம் சொல்லே அதற்கு வழிகாட்டுகிறது. மிகாமலும் குறையாமலும் நிற்பது பதம். தோலுக்கு வேண்டிய அப்பதம் ஆற்றுக்கும் வேண்டும், கூலிக்கும் வேண்டும், உழைப்பவரை நாம் குறிக்கும் சொல்லுக்கும் வேண்டும்.

அம்மாணவரிடம் இப்போது சொல்கிறேன்: அடுத்தமுறை படிவத்தில் ‘தோல் பதனிடும் தொழிலாளர்’ என்று முழுமையாக எழுதுங்கள். அது பொருள் நிறைந்த நல்ல தமிழ்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றில் வழங்கும் சொற்களைத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, பொருளுடன் தொகுக்க.

2. ‘பதம்’ என்னும் சொல் பல்வேறு தொழில்களில் பெறும் பொருள்களை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுக.

3. ‘தொழில் வளர்ச்சியும் ஆற்று நீரும்’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.