புதுப்பிக்க முடியாதவர்கள்

"பழைய பிரவுசர் வைத்திருப்பவர் சோம்பேறி, புதுப்பித்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. விண்டோஸ் 7 கணினிக்குக் குரோம் தந்த கடைசிப் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்த 109. அதற்கு மேல் போக இயங்குதளத்தையே மாற்ற வேண்டும்; பல நேரம் கணினியையே. அந்தப் பணத்தை யார் தருவது?

பழைய பிரவுசரில் இணையதளத்தின் எல்லா அழகும் அப்படியே தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புரியாத சிஎஸ்எஸ் வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும். நிழல் போனால் போகட்டும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. தெரியாத இலக்கணம் ஓரிடத்தில் வந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. விண்ணப்பப் படிவத்தை ஜாவாஸ்கிரிப்டை மட்டும் நம்பிக் கட்டியது வடிவமைப்பாளர்தானே? பாதுகாப்பு ஆபத்து உண்மைதான். மேலே எச்சரிக்கை வையுங்கள். கீழே 'அனுப்பு' பொத்தான் வேலை செய்யட்டும்.