மிதவைக்கு எந்த இஞ்சின்?

இஞ்சின் வாங்குவது இஞ்சினீயர் காரியம், இல்லாவிட்டால் கண்ட்ராக்டர் காரியம்; அதில் கூலிக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது.

கும்பகோணம் வழியாக வரும் அரசலாறு காரைக்காலில் கடலைச் சேருகிறது. அதன் வாயில்தான் மீன்பிடித் துறைமுகம். வடக்கு எல்லையில் நண்டலாறு. இரண்டுக்கும் நடுவே கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி வயல்கள், காவிரியின் கடைமடை. கடல் தள்ளும் மணல் முகத்துவாரத்தில் மேடிட்டால் மீனவர் படகு தட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரோ வடிய வழியின்றிச் சம்பாப் பயிரின்மேல் நிற்கிறது. பயிர் அழுகினால் நிலமுடையவனுக்கு மனுப் போட ஒரு பட்டாவாவது உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவளுக்கு என்ன உண்டு?

ஆகவே மண்வாரி இயந்திரத்தைச் சுமந்து தூர்வாரும் மிதவை மழைக்கு முன்னே வேலையை முடிக்க வேண்டும். அதைத் தள்ளும் இஞ்சின் பாதியில் நின்றால், நின்ற ஒவ்வொரு நாளும் வயலில்தான் வந்து விழும். எனவே எந்த இஞ்சின் என்பது நம் விஷயமே.

இந்த வேலைக்கு, பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இஞ்சின் பொருத்தமானது என்பதே நமது அபிப்பிராயம். ஆழமில்லாத இடத்தில் அதைத் தூக்கிக்கொள்ளலாம். கெட்டால் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரலாம். நம் கரையில் கண்ணாடியிழைப் படகுகளில் ஓடும் நீண்ட தண்டு டீசல் இஞ்சின் மலிவு. அதை ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். ஆனால் வழக்கமாக அதில் ரிவர்ஸ் கிடையாது. முன்னும் பின்னும் அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய மிதவைக்கு அது ஆகாது.

ஆனால் எந்த அவுட்போர்டு? டெண்டர் எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "இத்தனை குதிரைச்சக்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கண்ட்ராக்டரும் அந்த எண்ணுக்குள் அடங்கும் மலிவான இஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுகிறார். அந்த இஞ்சின் பெரும்பாலும் வேகப் படகுக்குச் செய்ததாக இருக்கும். பந்தயக் குதிரையை ஏரில் பூட்டிய கதைதான்!

40 அடி நீளம், 13 அடி அகலம் உள்ள பெட்டி மிதவை 2 அடி ஆழம் அமிழ்ந்தால் அதன் எடை ஏறக்குறைய 29 டன். அதன் பக்கவாட்டில் 24 சதுர மீட்டர் பரப்பு காற்றுக்குத் தெரிந்தால், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றே சுமார் 170 கிலோ விசையில் அதைத் தள்ளும். ஆற்றின் ஓட்டம் தனி. இதற்கு வேண்டியது வேகம் அல்ல, இழுவை. மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிதான் இழுவை தரும். வேகமாகச் சுற்றும் சிறிய விசிறி தண்ணீரைக் கலக்கிவிட்டு நிற்கும்.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டாரில் சின்னக் கப்பி, மிஷினில் பெரிய கப்பி போட்டால் சுற்று குறையும், பலம் கூடும். அவுட்போர்டில் அந்த வேலையைக் கீழே உள்ள கியர் செய்கிறது. மெர்குரி கம்பெனி 60 குதிரைச்சக்தி இஞ்சினையே இரண்டு விதமாக விற்கிறது. ஒன்றில் இஞ்சின் 1.83 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று, மற்றதில் 2.33 சுற்றுக்கு ஒன்று. இஞ்சின் நிமிஷத்துக்கு 5500 சுற்று ஓடும்போது முதலாவதன் விசிறி சுமார் 3000 சுற்றும், இரண்டாவதன் விசிறி சுமார் 2360 சுற்றும் சுற்றும். இரண்டாவதில் பெரிய விசிறியும் மாட்டலாம். குதிரைச்சக்தி ஒன்றே, மிதவையில் பலன் வேறு. டெண்டரில் இந்த வரி எங்கே?

ஒரு பெரிய இஞ்சினைவிட இரண்டு சிறியவை மேல். இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று மாட்டி, ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் ஓட்டினால் மிதவை நின்ற இடத்திலேயே திரும்பும். ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும். முகத்துவாரத்தில் ஒற்றை இஞ்சின் நின்றுபோனால் அலை மிதவையை எங்கே போடும் என்பதை எந்த மீனவரிடமும் கேட்கலாம். தண்டின் நீளமும் முக்கியம். 15, 20, 25 அங்குலம் என்று வருகிறது. மிதவையின் பின்பக்கம் உயரமாக இருக்க, குட்டைத் தண்டை மாட்டினால் அலை தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றைக் குடித்து வெறுமே அலறும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் கார்புரேட்டர் இஞ்சின் விலை குறைவுதான். ஆனால் குடிக்கும் பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே போகும். நாள் முழுதும் ஓடும் வேலைக்கு நாலு ஸ்ட்ரோக்கே சிக்கனம்.

ஓட்டுகிறவனின் உயிரைப் பற்றி எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மிதவையின் மூடிய அறைக்குள் இறங்கித் தங்கினால் ஒரு பொறி போதும். எனவே டாங்கு திறந்த தளத்தில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் இஞ்சினைத் தானே நிறுத்தும் கயிறு அவன் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். ஆள் தண்ணீரில் இறங்கும் வேலையானால் விசிறிக்குக் கூண்டு வேண்டும். மிதவைத் தொழிலாளிக்கு மிதவைச் சட்டை தருவதையும் தயவு என்று நினைக்கிற கண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்! 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சர்வே, பதிவு, மாலுமித் தகுதி பற்றியெல்லாம் பேசுகிறது. அதைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் படகும் இஞ்சினும் உதவியாக வந்து குவிந்தன. பலவற்றின் தரம் மோசம் என்பது பின்னால் தெரிந்தது. எத்தனை கொடுத்தோம் என்று எண்ணினார்கள். கடலுக்குப் போகிறவனைக் கேட்டவர்கள் குறைவு.

நாம் கோருவது இதுதான். மிதவை வந்ததும் பணம் பட்டுவாடா செய்யாதீர்கள். நீண்ட வடத்தால் அதைக் கரையில் கட்டி, நடுவே தொங்குதராசை மாட்டி, முழு வேகத்தில் எத்தனை கிலோ இழுக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டுங்கள். அப்போது இஞ்சின் கம்பெனி சொன்ன சுற்றை நெருங்காமல் திணறினால், விசிறியை மாற்றச் சொல்லுங்கள். சோதனையில் ஓட்டுகிற ஸ்ராங்கும் மீனவர் பிரதிநிதியும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று. மணல் கலந்த தண்ணீரைக் குடிக்கும் இஞ்சினில், குளிர்ச்சிப் பம்பின் ரப்பர் சக்கரம் சீக்கிரம் தேயும். உப்பும் உள்ளே படியும். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்த அரைமணிக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மாற்று ரப்பர் சக்கரங்களை முதல் நாளே மிதவையில் வையுங்கள்.