பெயர் தெரியாத சிநேகிதர்கள்

குரோம்பேட்டைக்குக் காலை எட்டரை சுமாருக்கு ஒரு பீச் வண்டி வரும். முன்னாலிருந்து நாலாவது பெட்டி, இரண்டாவது வாசல். ஆறு வருஷமாக அதுதான் என் ஊர்.

ஊர் என்று சும்மா சொல்லவில்லை. முழு ரயிலை எடுத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கில் ஜனம். ஒரு முகமும் மனசில் நிற்காது. அதே வண்டி, அதே பெட்டி, அதே வாசல் என்று சுருக்கிக்கொண்டே வாருங்கள். முப்பது நாற்பது பேர் கொண்ட ஒரு கிராமம் கிடைத்துவிடும். வாட்ஸப்பிலும் இதே கதைதான். ஆயிரம் பேர் குழுவில் யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். இருபது பேர் குழுவில், தினம் காலை ஐந்தே முக்காலுக்கு ரோஜாப்பூவோடு வணக்கம் சொல்பவர் ஒருநாள் சொல்லாவிட்டால், 'ஆளுக்கு என்ன ஆச்சு?' என்று தோன்றும்.

என் கிராமத்தில் எல்லோருக்கும் நானே பேர் வைத்திருக்கிறேன். பல்லாவரத்தில் ஏறி மீனம்பாக்கத்துக்குள் குறட்டை விட்டு, மாம்பலம் வந்ததும் யாரும் எழுப்பாமலே இறங்கிவிடுகிறவர் 'கும்பகர்ணன்'. தினமும் போனில் "கேஸை மூடினியா?" என்று கேட்பவர் 'சிலிண்டர்'. ஜன்னலோரம் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பவர் 'குறுக்கெழுத்து'. எனக்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள். அது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையில்லை.

இந்த மாதிரி ஆசாமிகளுக்கு 'பரிச்சயமான அந்நியர்' என்று 1972-ல் பேர் வைத்தவர் ஸ்டான்லி மில்கிராம். அமெரிக்க உளவியல்காரர். ஷாக் கொடுக்கச் சொல்லி மனிதர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று பார்த்தாரே, அவரேதான். அவருடைய மாணவர்கள் காலை நேரத்தில் ரயில் பிளாட்பாரத்தில் நின்றவர்களைப் போட்டோ எடுத்து, பிறகு ஒருநாள் அதே பயணிகளிடம் கொடுத்து, "இதில் யாரையெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்கள். பேசிப் பழகியவர்கள் என்று ஒவ்வொருவரும் காட்டியது சராசரியாக ஒன்றரைப் பேர். முகம் மட்டும் தெரிந்தவர்கள் நாலு பேர்!

மில்கிராம் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பேசாமலிருக்கும் காலம் கூடக்கூட, பேச ஆரம்பிப்பது கஷ்டமாகிறது. ரொம்ப வாஸ்தவம். முதல் வாரத்தில் 'குட்மார்னிங்' சொல்லியிருக்கலாம். ஆறாவது வருஷத்தில் சொன்னால் கடன் கேட்கப் போகிறான் என்று நினைப்பார்கள். இரண்டு, வெளியூரில் சந்தித்தாலோ ஆபத்து என்றாலோ இந்த மௌனம் உடைந்துவிடும். இதுவும் சரிதான். போன வருஷம் திருப்பதி க்யூவில் சிலிண்டரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, தொலைந்துபோன அண்ணன் தம்பி மாதிரி ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த திங்கட்கிழமை ரயிலில் லேசாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அத்தோடு சரி.

ஜூன் மாதம் திடீரென்று குறுக்கெழுத்து வரவில்லை. லீவாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் இரண்டாகி, மூன்றாகியது. ஜன்னலோரத்தில் வேறு யாரோ. கும்பகர்ணன்கூட தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அந்த இடத்தை ஒருதரம் பார்த்தார். விசாரிக்கலாம் என்றால் யாரிடம்? பேர் தெரியாது, ஆபீஸ் தெரியாது, வீடு தெரியாது. ஆறு வருஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் இடது கையால் எழுதுவார் என்பது மட்டும்தான்.

ஏழாவது வாரம் வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானுக்கு மேலே நெஞ்சில் நீளமாகத் தழும்பு எட்டிப் பார்த்தது. எப்படிக் கேட்டேன் என்று தெரியாது, கேட்டுவிட்டேன்.

"என்ன சார், ரொம்ப நாளாக் காணோமே?"

"பைபாஸ் சார்" என்றார், ஏதோ பஸ் ரூட் சொல்கிற மாதிரி. அப்புறம் பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்களும் ரெண்டு வருஷம் முன்னால பத்து பதினஞ்சு நாள் வரலையே. திரும்பி வர்றப்போ மொட்டை போட்டிருந்தீங்க. அப்பாவா, அம்மாவா?"

"அப்பா."

"கேக்கணும்னு நினைச்சேன் சார். தினம் நினைச்சேன். கூச்சமா இருந்தது."

கிண்டி வந்தது. கூட்டம் ஏறியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதினைந்து நாளும் ஆபீஸில் என் ஃபைல்களைத்தான் தேடினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடியவர் ஒருவர் எதிர் ஸீட்டிலேயே இருந்திருக்கிறார்.

பார்க் ஸ்டேஷனில் அவர் இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, பேரைக் கேட்கவில்லை.

நாளைக்குக் கண்டிப்பாகக் கேட்டுவிட வேண்டும். இரண்டு மாசமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.