சார்பதிவாளருக்குப் புரிந்தால் போதுமா?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவுக்கு வரும் ஆவணத்தின் மொழி பதிவு அலுவலருக்குத் தெரியாததாகவும் அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காததாகவும் இருந்தால், மாவட்டத்தில் வழங்கும் மொழியில் சரியான மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டாலொழிய அவர் அதைப் பதிய மறுக்க வேண்டும். அறிவார்ந்த ஏற்பாடுதான். தனக்கு விளங்காத ஒன்றின்மீது அரசின் முத்திரையை இடும் நிலைக்கு ஓர் அலுவலரைத் தள்ளக் கூடாது என்று அன்று சட்டம் வகுத்தவர்கள் கருதியிருக்கிறார்கள். அதே மேசையின் மறுபுறம், இருபதாண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு, விரல் ரேகையும் ஒளிப்படமும் கொடுத்து நிற்கும் மனிதருக்கு அந்த ஆவணத்தின் மொழி விளங்கியதா என்று கேட்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை. கையெழுத்திட்டவர் இவர்தானா என்று உறுதிசெய்வது அலுவலரின் கடமை. எதில் கையெழுத்திட்டோம் என்பது இவருக்குத் தெரியுமா என்று பார்ப்பது அச்சட்டம் எவருக்கும் விதித்த கடமை அன்று.

முதல் வீடு வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் முடிகிறது: படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டாமா? இக்கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஒப்பந்தங்களில் ஒன்றையேனும் முழுமையாக வாசித்திருக்க மாட்டார்கள். வாசித்திருந்தால் கேள்வியை வாங்குபவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டு விற்பனை இந்தியப் பெருநகரங்களில் எந்த மொழியில் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரையே எடுத்துக்கொள்ளலாம். அங்கு முதல் வீடு தேடுபவர் தமிழரானால் தமிழ் பேசும் விற்பனை முகவர் வருவார்; இந்திக்காரரானால் இந்தி பேசுபவர் வருவார். மாதிரி வீட்டைச் சுற்றிக்காட்டும்போது தண்ணீர்ப் பஞ்சம் வராது, அடுத்த ஆண்டு தீபாவளிக்குள் குடியேறிவிடலாம், எதிரே உள்ள காலி இடம் பூங்காவாகவே இருக்கும் என்றெல்லாம் சொல்லப்படுவது வாங்குபவரின் தாய்மொழியில். பின்னர் வருகிறது ஆங்கிலத்தில் நூறு பக்கத்தைத் தொடும் ஒப்பந்தம். அதன் கடைசிப் பகுதியில், எவரும் நிறுத்திப் படிக்காத இடத்தில், இதற்கு முன் எழுத்தாலோ வாய்மொழியாலோ நிகழ்ந்த புரிதல்கள் அனைத்தையும் இவ்வொப்பந்தம் நீக்கிவிடுகிறது என்றொரு விதி இருக்கும். தாய்மொழியில் பேசப்பட்ட அத்தனை சொற்களையும் அந்த ஒற்றை வாக்கியம் அழித்துவிடுகிறது. விற்பதற்கு ஒரு மொழி, கட்டுவதற்கு இன்னொரு மொழி. இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய ஃபெர்குசன் 1959இல் கண்ட உயர்வழக்கு–தாழ்வழக்குப் பாகுபாடு ஒரே மொழியின் இரு வடிவங்களைப் பற்றியது. இங்கே நடப்பது அதனினும் கொடிது: தாழ்வழக்கில் கொடுத்த வாக்கை உயர்வழக்கு திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

இந்த விதி கட்டுமான நிறுவனங்களின் கள்ளத்தனம் என்று மட்டும் கொள்ளவும் முடியாது. ரெரா என்று வழங்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தப் படிவத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு விளம்பரத்திலும் விவரக் கையேட்டிலும் மாதிரி வீட்டிலும் காட்டிய பொய்க்கு இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. முகவரின் வாயிலிருந்து வந்த பொய் அப்பட்டியலில் இல்லை.

சொற்களின் நிலையோ இன்னும் விசித்திரம். கன்னடத்தில் 'காத்தே' என்றால் கணக்கு. வங்கிக் கணக்குக்கும் அதே சொல்தான். சொத்து வரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் கணக்குப் பதிவே 'காத்தா'. முறையான கட்டடங்களுக்கு ஏ காத்தா. விதிமீறல் உள்ள கட்டடங்களிடமிருந்தும் வரி வாங்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கு பி காத்தா. கன்னடம் அறிந்தவர் காதில் இது கணக்கு என்றே விழும். வெளியூர்க்காரர் காதில், விற்பவரின் குரல் ஏற்ற இறக்கத்தின் உதவியோடு, இது உரிமைப் பத்திரம் என்று விழுகிறது. 'காத்தா இருக்கிறது சார், கவலையே வேண்டாம்' என்ற வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அவ்வாக்கியம் செய்யும் வேலை முழுவதும் பொய்.

'சூப்பர் பில்டப்' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. 2016ஆம் ஆண்டுச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்பதற்குத் தெளிவான வரையறை தந்தது: வெளிச்சுவர், குழாய்த் தண்டுகள், தனிப் பயன்பாட்டுக்குரிய பால்கனி, திறந்த மாடி ஆகியன நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட, வீட்டினுள் பயன்படுத்தக்கூடிய தரைப் பரப்பு. சூப்பர் பில்டப் என்ற சொல் அச்சட்டத்தின் வரையறைகளில் இல்லை. ஆயினும் சந்தை அதே சொல்லில்தான் இன்றும் பேசுகிறது. மின்தூக்கி, படிக்கட்டு, நுழைவுக்கூடம் இவற்றின் பங்கையெல்லாம் ஏற்றிச் சொன்ன 1,200 சதுர அடி வீட்டில், கால் பதிக்கும் தரை 850 சதுர அடியாகச் சுருங்கிவிடலாம். வரையறை பெற்ற சொல் படிவத்துக்குள் உறங்க, வரையறை இல்லாத சொல் வாங்குபவரின் கனவில் நடமாடுகிறது.

ஒப்பந்தத்தின் இலக்கணத்துக்கு வந்தால், வாங்குபவர் எழுவாயாக வரும் இடங்களில் வினை நேரடியானது: செலுத்த வேண்டும், ஏற்றுக்கொள்கிறார், கேள்வி எழுப்ப மாட்டார். கட்டுநர் வரவேண்டிய இடங்களில் எழுவாய் மறைந்துவிடுகிறது: ஒப்படைப்பு முயலப்படும், வரைபடம் மாற்றத்துக்குட்பட்டது, குறித்த நாளுக்குள் வராவிட்டால் வீடு பெற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். கருதுபவர் யார் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. இலக்கணம் இவ்வாறு மறைத்ததை எண்கள் சில நேரம் அம்பலப்படுத்திவிடுகின்றன. குருகிராம் அடுக்குமாடி ஒன்று தொடர்பாக 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், வாங்குபவர் தவணை தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. கட்டுநர் வீட்டைத் தராமல் தாமதித்தால், அவகாசக் காலம் முடிந்தும் 12 மாதம் காத்திருந்து, 90 நாள் அறிவிப்பு கொடுத்து, அதன்பின் பணத்தைத் திருப்பித் தருவதும் தாமதமானால் மட்டும் 9 விழுக்காடு. இத்தகைய ஒருதலைப்பட்ச விதிகளை நியாயமற்ற வணிக நடைமுறை என்றது நீதிமன்றம். புள்ளிக்கோட்டில் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியற்ற ஒருவரை அவை கட்டுப்படுத்தா என்றும் கூறியது. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டது ரெராவுக்கு முன்பு. இரு தரப்புக்கும் ஒரே வட்டி என்பதைப் புதிய சட்டம் வரையறையிலேயே எழுதிவிட்டது. அது நல்ல காரியம். ஆனால் வட்டி சமமானது என்பதை வாங்குபவர் அறிந்திருந்தால்தானே அதைக் கேட்பார்?

இந்திய நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் முற்றிலும் கண்மூடியவை என்றும் சொல்ல முடியாது. திரைமறைவில் வாழ்ந்த பர்தாநஷீன் பெண்களிடம் எழுதி வாங்கிய ஆவணங்களைப் பொறுத்து ஒரு கோட்பாடு பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே உண்டு. ஆவணம் அப்பெண்ணுக்குப் படித்துக் காட்டப்பட்டது, அதன் விளைவு அவருக்கு விளங்கியது என்று மெய்ப்பிக்கும் சுமை, ஆவணத்தால் பயன்பெறுபவர் மீதே விழும். பிற்காலத்தில் எழுத்தறியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இப்பாதுகாப்பு நீண்டது. இதிலிருந்து வெளியே நிற்பவர் ஒருவர்தான்: பட்டம் பெற்றவர். எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கு எல்லாமே விளங்கும் என்பது சட்டத்தின் அனுமானம். வேதியியலில் முதுகலை முடித்த ஒருவர் சொத்து மாற்று ஆவணத்தின் ஆங்கிலத்தில் எழுத்தறியாதவரே என்பதை மொழியியலின் முதலாண்டு மாணவர் சொல்லிவிடுவார். நீதிபதியின் முன் அதைச் சொல்ல ஆளில்லை.

வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். முதல் வீடு வாங்கும் பெரும்பாலோருக்கு வழக்கறிஞர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் வங்கியின் வழக்கறிஞர். அவருக்கான கட்டணத்தைக் கடன் வாங்குபவர் கட்டுகிறார். அவர் தரும் கருத்துரை வங்கிக்குப் போகிறது. அந்தச் சொத்து அடமானத்துக்கு உகந்ததா என்பதே அவர் ஆராயும் கேள்வி. ஒப்பந்தம் வாங்குபவருக்கு நியாயமானதா என்பது அவர் வேலையில் சேர்ந்ததன்று. 'வங்கியே கடன் கொடுத்துவிட்டது' என்று மனம் ஆறுபவர்கள் கொச்சியின் மரடுவை நினைத்துக்கொள்ளலாம். கடற்கரை ஒழுங்குமுறையை மீறிக் கட்டப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் முடிவுகட்டிய நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300க்கும் மேற்பட்ட வீடுகள். பதிவு செய்த பத்திரங்கள் அவர்களிடம் இருந்தன. பதிவு என்பது பத்திரத்தைப் பதிவதேயன்றி உரிமைக்கோ கட்டடத்துக்கோ அரசு தரும் உறுதி அன்று என்பதை 'ரிஜிஸ்டர் ஆகிவிட்டது' என்ற நிம்மதிப் பெருமூச்சு ஒருபோதும் சொல்வதில்லை.

இவ்வளவு சிக்கலான ஒன்றை எளிய மொழியில் தர இயலாது என்ற வாதத்துக்கு மறுப்பு ரிசர்வ் வங்கியிடமிருந்தே வந்திருக்கிறது. 2024 ஏப்ரல் சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் வழங்கும் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். அது கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும். உள்ளடக்கத்தை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் பெற வேண்டும். வீட்டுக் கடனும் இதில் அடக்கம். ஆக, ஒரே வீட்டுக்காக ஒரே மாதத்தில் ஒருவர் இடும் இரு கையெழுத்துகளில், கடனுக்கான கையெழுத்து புரியும் மொழியைக் கோருகிறது; அக்கடனால் வாங்கும் வீட்டுக்கான கையெழுத்து எதையும் கோரவில்லை. விற்பனை ஒப்பந்தம் இன்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதித்த ரெராவின் 13ஆம் பிரிவு, அந்த ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதில் மௌனம் காக்கிறது.

தாய்மொழியில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் பேதைமை. தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று ஓடும் தமிழ்க் கிரயப் பத்திரத்தைத் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். வடக்கே கஸ்ரா, கத்தோனி, தாகில் காரிஜ் என்று பாரசீகமும் அரபும் கலந்த வருவாய்த்துறை மொழி இந்தி பேசுபவருக்கும் அந்நியமே. தேவை வாங்குபவரின் மொழி. அதிலும் அவருக்கு விளங்கும் வழக்கு.

இந்த இடத்தில் பல்கலைக்கழகங்களின் பங்கையும் பேச வேண்டும். சொல்லாடல் பகுப்பாய்வு என்ற பெயரில் தேர்தல் உரைகளும் சோப்பு விளம்பரங்களும் ஆண்டுதோறும் ஆய்வேடுகளாகின்றன. ஒரு சாமானிய இந்தியர் தன் வாழ்நாளில் கையெழுத்திடும் மிக நீண்ட, மிக விலையுயர்ந்த பனுவல் இந்த ஒப்பந்தமே. அதற்கு அந்த ஆய்வேடுகளுக்கிடையே எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது? வீடு வாங்குவது நடுத்தர வர்க்கத்தின் அற்ப ஆசை, ஆய்வுக்குரிய துயரம் வேறெங்கோ இருக்கிறது என்ற மெல்லிய ஏளனம் கருத்தரங்க அறைகளில் உலவுகிறது. ஏளனம் செய்பவர்களும் பணி நிரந்தரமானதும் அதே காகிதக் கட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுகிறார்கள்.

மாற்றத்துக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒப்பந்தப் படிவத்தை விதிகளின் வழியே வகுக்கும் அதிகாரம் ரெராவின்கீழ் மாநில அரசுகளிடம் இருக்கிறது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மொழியில் நான்கு பக்கச் சுருக்கத்தை ஒப்பந்தத்தின் முன்னே கட்டாயமாக்கலாம்: கார்ப்பெட் ஏரியா, எல்லாம் சேர்ந்த விலை, ஒப்படைக்கும் தேதி, தாமதத்துக்கு இரு தரப்பும் தரும் வட்டி, விலக நினைத்தால் திரும்பக் கிடைக்கும் தொகை. அது கைக்கு வந்து 7 நாள் கழித்தே கையெழுத்து. செலவு அதிகம் என்பார்கள். முகவர்களை அத்தனை மொழியிலும் அமர்த்தத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் போகமாட்டார். சுருக்கமும் ஆங்கில ஒப்பந்தமும் முரண்பட்டால் எது செல்லும் என்பார்கள். ஆவணத்தை எழுதியவருக்கு எதிராகவே ஐயத்தைத் தீர்க்க வேண்டும் என்ற விதி காப்பீட்டு வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களுக்குப் பழகியதுதான். வாங்குபவருக்குச் சாதகமான வாசிப்பே செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மொழிபெயர்ப்பின் தரத்தைக் கட்டுநரே பார்த்துக்கொள்வார்.