காணாத ஆற்றைப் பாடும் கட்டுரைகள்

மாணவர் எழுதும் இயற்கைக் கட்டுரைகளில் ஆறு என்றும் சலசலத்தே ஓடுகிறது. அது வற்றுவதில்லை, கலங்குவதில்லை, மறைவதுமில்லை. கட்டுரை நூல்கள் வடித்துக் கொடுத்த ஆறு அது. அதனை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவனுக்கே தமிழாசிரியரும் மதிப்பெண் வழங்குகின்றார். மொழிப்பாடத்தின் பெயரால் நிகழும் மொழிக்கேடு இது.

அத்தகைய மாணவனைப் பெர்லிஸ் மாநிலத்தின் காக்கி புக்கிட்டிற்கு அழைத்துச் செல்க. அங்கே சுண்ணாம்புக் குன்றொன்றைத் துளைத்துச் செல்கிறது குவா கெலாம். 'இருட்குகை' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 370 மீட்டர் நீளமுள்ள அக்குகையினுள் ஓர் ஓடை ஓடுகிறது. நடைபாதை வழியே இருளைக் கடந்தால், குன்றுகள் சூழ்ந்த காட்டுப் பள்ளத்தாக்கான வாங் தங்கா விரிகிறது. மரநிழலில் நடந்து பழகிய கண்ணுக்கு, நீர் பாறைக்குள் புகுந்து மறையும் காட்சி வியப்பளிக்கும்.

காரணம் எளியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது; சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி அதனைக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு துளையாகிறது, துளை குகையாகிறது, மேலே ஓடிய நீர் கீழே ஓடத் தொடங்குகிறது.

இக்காட்சியின்முன் மனப்பாடச் சொற்றொடர் உதவாது. பாறைக்குள் புகுந்தபின் ஓடையின் ஒலி எவ்வாறு மாறிற்று? வெயிலில் தெரிந்த நீரின் நிறம் இருளில் என்னவாயிற்று? மாணவன் தன் சொல்லைத் தானே தேடியாக வேண்டும். அத்தேடலன்றோ கட்டுரைக் கல்வி!

'இஃது அறிவியலாசிரியர் பணி' என்பர் சிலர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். ஐந்திணையை ஒப்புவிக்கச் செய்துவிட்டு, ஒரு நிலத்தையேனும் காட்டாதிருப்பது எவ்வகைத் தமிழ்ப்பணி? 'நேரமில்லை' என்பர் வேறு சிலர். கேளிக்கைப் பூங்காவிற்கும் பேரங்காடிக்கும் சுற்றுலா செல்ல மட்டும் நாள் எங்கிருந்து கிடைக்கிறது? 'ஆபத்து' என்போர் கூற்றில் உண்மை உண்டு. பெருமழையில் குகையோடை விரைந்து பெருகும். ஆகவே வறண்ட மாதங்களில், வழியறிந்தவர் துணையோடு செல்லல் வேண்டும். அஞ்சி வகுப்பறைக்குள் அடைந்து கிடப்பது தீர்வன்று.

காலமும் காத்திராது. பகாங் மாநிலத்துப் புக்கிட் பஞ்சிங் என்னும் சுண்ணாம்புக் குன்று கல்லுடைப்பால் அழிந்தது. அங்கு மட்டுமே வாழ்ந்த நத்தையினம் ஒன்றும் உலகைவிட்டே அற்றுப்போயிற்று. பாறைக்குள் மறைந்த ஓடை மறுபுறம் வெளிப்படும். உடைத்தழித்த குன்று மீளாது. குன்றைக் கண்டறியாத மாணவன் நாளை அதற்காக எங்ஙனம் குரல் கொடுப்பான்?

ஆசிரியப் பெருமக்கள் அடுத்த கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுமுன், மாணவரை ஒருநாள் நடக்கவிடட்டும்.